நூற்றுக்குப் பதினேழு வாங்கிய மென்பொருள்

அத்தியாயம் 6

மனிதன் நெருப்பைக் கண்டான். சக்கரத்தைக் கண்டான். எழுத்தைக் கண்டான். அந்த வரிசையில் நான்காவதாக வைத்துப் போற்றத்தக்க நிகழ்ச்சி ஒன்று சென்ற மாதம் பதினோராம் தேதி முற்பகல் பத்தரை மணிக்கு நடந்தேறியது என்பது உலகோர் அனைவருக்கும் இதனால் அறிவிக்கப்படுகிறது. டைல் தொழிற்சாலைகளில் எந்த டைல் எந்தத் தரம் என்று பதிந்து வைக்கும் புதிய மென்பொருள் ஒன்று அன்று வெளியானது.

இந்த அறிவிப்பை எழுதியவரும், சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியவரும், இப்போது அதன் கீழே நின்று உரக்கப் படித்துக் காட்டியவரும் ஒருவரே: மென்பொருள் கம்பெனியின் தலைவர். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் துப்பறிவாளர். மற்றவன் அவருடைய மனைவியின் தம்பி. "வீட்டுல சும்மா கிடக்கிறதுக்கு அத்தானோட போயேன்டா" என்று அக்கா சொன்ன நாளிலிருந்து நான்கு வருடமாக அவருக்கு உதவியாளன். அத்தானுக்கு மூளை உண்டு என்பதை அவன் என்றும் மறுத்ததில்லை. அதை வெளியே எடுக்க அவருக்கு ஆகும் நேரம்தான் அவனுக்குப் பொறுக்காது.

"நாங்க மென்பொருள் விக்கிறதில்லை," என்றார் தலைவர், உட்கார்ந்தபடி. "அனுபவம் விக்கிறோம்."

"டைல் எண்ற அனுபவமா சார்?" என்றான் மைத்துனன்.

தலைவர் காதில் விழாதவர்போல் துப்பறிவாளர் பக்கம் திரும்பினார்.

விஷயம் இதுதான். ஒரு டைல் தொழிற்சாலையில் இருபத்தெட்டுப் பேரைத் தேர்ந்தெடுத்து, ஒரு வாரம் வேறொரு கம்பெனியின் பழைய மென்பொருளிலும் ஒரு வாரம் இவர்களுடைய புதியதிலும் வேலை செய்யச் சொன்னார்கள். ஒவ்வொரு வாரக் கடைசியிலும் ஆளுக்கொரு படிவம். படிவத்தில் பத்து வாக்கியங்கள். ஒன்று புகழும், அடுத்தது குறை சொல்லும். 'இதை உபயோகிப்பது சுலபம்' என்று ஒன்று வந்தால், 'தேவையில்லாமல் குழப்புகிறது' என்று அடுத்தது வரும். கண்ணை மூடிக்கொண்டு ஒரே எண்ணைச் சுழிப்பவர்களைப் பிடிக்க இந்த ஏற்பாடு. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நேரே ஒன்று முதல் ஐந்து வரை எண்கள். ஒன்றைச் சுழிக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரு கணக்கில் போட்டால் நூற்றுக்கு இத்தனை என்று மார்க் வரும்.

"பழசுக்கு எண்பத்து நாலு," என்றார் தலைவர். அடுத்ததைச் சொல்லுமுன் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தார். "புதுசுக்குப் பதினேழு."

"நூத்துக்கா?"

"நூத்துக்கு."

மைத்துனனுக்குத் தன் பள்ளிக்கூட நாட்கள் நினைவுக்கு வந்தன. பதினேழின் வலி அவனுக்குத் தெரியும்.

"இதை நடத்தினது எங்க பயன்பாட்டு ஆய்வாளர். ஆபீஸ்ல எல்லாரும் மார்க் மேடம்னு கூப்பிடுவாங்க. அந்தம்மாதான் ரெண்டு படிவக் கட்டையும் மாத்தி வெச்சிருக்காங்க. பழசோட படிவம் புதுசு கவருக்குள்ள, புதுசோடது பழசு கவருக்குள்ள. மாத்திப் பாருங்க, எங்களுக்கு எண்பத்து நாலு. நியாயமா எங்களுக்கு வர வேண்டிய மார்க் அதுதான். பழைய கம்பெனிக்காரன் அவங்களைக் கைக்குள்ள போட்டுக்கிட்டான்." தலைவர் மேஜை மேலிருந்த கடிதத்தைத் தட்டினார். "நாலு மணிக்கு மீட்டிங். வேலை நீக்க உத்தரவு ரெடி. இந்தத் தொழில்ல இருக்கிற எல்லாக் கம்பெனிக்கும் ஒரு நகல் போகுது. குற்றவாளி தெரியும். ஆதாரம் மட்டும்தான் பாக்கி. அதைத்தான் நீங்க கொண்டு வரணும்."

துப்பறிவாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதில் அழுக்கு எதுவும் இல்லை. யோசிக்கிறார் என்று அர்த்தம், அல்லது பசிக்கிறது.

"வழக்கமா ஆதாரம் முதல்ல வரும்," என்றார். "குற்றவாளி பின்னால வருவார்."

"நாங்க கொஞ்சம் வேகமான கம்பெனி," என்றார் தலைவர்.

*

மார்க் மேடத்தின் அறை நகல் எடுக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் இருந்தது. நாற்பது வயதிருக்கும். இழுப்பறையைக் காலி செய்து ஒரு அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். ஒரு தேநீர்க் கோப்பை, பென்சில் கட்டு, கழுத்தில் மாட்டும் கறுப்புக் கயிறோடு ஒரு ஸ்டாப்வாட்ச்.

"அதுக்குள்ள மூட்டை கட்டியாச்சா மேடம்?" என்றான் மைத்துனன். "மீட்டிங்கே நாலு மணிக்குத்தானே."

"கடிதம் நேத்தே டைப் ஆயிடுச்சு தம்பி. டைப் பண்ணின பொண்ணு எங்கிட்டதான் ஸ்பெல்லிங் கேட்டுது."

துப்பறிவாளர் இரண்டு கட்டுகளையும் மேஜை மேல் பரப்பினார். "கட்டை மாத்தினீங்களா?"

"இல்லை."

"சரி," என்று அவர் படிவங்களைப் புரட்ட ஆரம்பித்தார். மார்க் மேடம் அடுத்த கேள்விக்காகக் காத்திருந்தார். அது வரவில்லை. அவரே பேசினார்.

"எனக்கே விளங்கலை சார். ரெண்டு வாரம் அவங்க முதுகுக்குப் பின்னால ஸ்டூல் போட்டு ஸ்கிரீனைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருந்தேன். பழசுல ஒரு பெட்டி பதிய நாப்பது செகண்ட். புதுசுல பதினஞ்சு. பழசுல நிமிஷத்துக்கு ஒரு தடவை கம்ப்யூட்டரோட தாயார் வரைக்கும் விசாரிப்பாங்க. புதுசுல ஒருத்தர் பாட்டே பாடினார்."

"பாட்டை எப்படி மேடம் அளந்தீங்க?" என்றான் மைத்துனன்.

"அளக்கலை. பொறுத்துக்கிட்டேன்." அவர் சிரிக்கவில்லை. "பதினோரு வருஷத்துல ஒரு நம்பரை நான் தொட்டதில்லை. வந்தது வந்தபடி எழுதுவேன். இந்த வேலையில எங்கிட்ட இருக்கிறதே அது ஒண்ணுதான். அந்தக் கடிதம் நாலு இடத்துக்குப் போயிட்டா அப்புறம் நான் எண்ணுற எதையும் எவனும் நம்பமாட்டான். என் பொண்ணு கல்லூரியில சேர்ந்து மூணு மாசம் ஆகுது. அம்மா எதுக்கு வீட்டுல இருக்கேன்னு கேட்டா என்ன சொல்றது?"

துப்பறிவாளர் ஒரு படிவத்தை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார். "மாப்ள, இதைப் படி."

புதுசு என்று எழுதிய கட்டிலிருந்து எடுத்தது. படிவத்தின் அடியில், 'ஏதேனும் சொல்ல விரும்பினால்' என்ற இடத்தில், உருண்டை உருண்டையாக யாரோ எழுதியிருந்தார்கள். மைத்துனன் உரக்கப் படித்தான்: "எழுத்து பெரிசா இருக்கு. பழசுல கண்ணாடி போட்டாலும் தெரியாது. செஞ்சவங்க நல்லா இருக்கணும்."

"மார்க்?"

"நூத்துக்குப் பதினஞ்சு."

"நல்லா இருக்கணும்னு வாழ்த்திட்டுப் பதினஞ்சு போட்டிருக்காங்க."

"எங்க அக்கா எனக்குப் பண்றது இதேதான் அத்தான்."

"புதுசைப் பத்தின வாழ்த்து புதுசு கட்டுலயேதான் இருக்கு. அப்ப கட்டு மாறலை." துப்பறிவாளர் மார்க் மேடத்தைப் பார்த்தார். "இதைத் தலைவர்கிட்ட காட்டினீங்களா?"

"காட்டினேன். நக்கல்னுட்டார்."

"நக்கல் பண்றவன் இவ்வளவு உருண்டையா எழுதமாட்டான்."

இன்னொன்றும் அகப்பட்டது. இருபத்தேழு பேர் புதுசுக்கு அடிமட்ட மார்க் போட்டிருக்க, ஒரே ஒருவர் மட்டும் தொண்ணூற்றைந்து போட்டிருந்தார். அதே ஆள் பழசுக்குப் போட்டது பத்து. படிவத்தில் பெயர் கிடையாது, பிரிவு மட்டும் உண்டு. இருபத்தேழு பேர் தரம் பிரிக்கும் பிரிவு. இவர் லாரி ஏற்றும் பிரிவு.

"லாரி குமாஸ்தா," என்றார் மார்க் மேடம். "அந்த இடத்துல இருக்கிற ஒரே யோக்கியன் அவர்தான்னு தலைவர் சொல்றார். அவர் போட்டோவை வரவேற்பறையில மாட்டப் போறாராம்."

துப்பறிவாளர் எழுந்தார். "எழுதாத படிவம் ஒண்ணு குடுங்க. ஒருத்தர் மட்டும் மாறி நிக்கிறார்னா, மத்த இருபத்தேழு பேர்கிட்ட இருக்கிற எதுவோ அவர்கிட்ட இல்லை. அது என்னன்னு பார்த்துட்டு வர்றோம்."

"அனுபவமா இருக்கும்," என்றான் மைத்துனன்.

*

தொழிற்சாலையின் தரம் பிரிக்கும் கூடத்தில் எல்லோருக்கும் ஒரே நிறம்தான்: வெள்ளைத் தூசி. நீண்ட பெல்ட் ஒன்றில் டைல்கள் வரிசையாக நகர்ந்து வந்தன. அவற்றின் மேல் சாய்வாக விளக்குகள். பெல்ட்டின் இருபுறமும் ஆட்கள். ஒருவர் டைலைத் தூக்குவார், விரல் முட்டியால் ஒரு தட்டு தட்டிச் சத்தத்தைக் கேட்பார், விளக்கில் சாய்த்துப் பார்ப்பார், பின்பக்கம் திருப்பி மெழுகுக் கட்டியால் விறுக்கென்று எதையோ கிறுக்கி அடுக்கில் வைப்பார், பக்கத்து ஸ்கிரீனில் ஒரு வண்ணக் கட்டத்தைத் தொடுவார். பச்சை, மஞ்சள், சிவப்பு. எல்லாம் மூன்று மூச்சுக்குள் முடிந்துவிடும். கூடத்தின் கோடியில் ஒரு நொறுக்கும் இயந்திரம் கல்லை மென்று தின்பதுபோல் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது.

லாரி குமாஸ்தா வாசலிலேயே கிடைத்தார். பெட்டிகளை எண்ணி ஏற்றுவது அவர் வேலை.

"எனக்கு மட்டுமா புதுசு புடிச்சிருக்கு? எல்லாருக்கும்தான் சார். பழசைத் திரும்பக் கொண்டு வந்தாங்கன்னா பாதிப் பேர் மெடிக்கல் லீவு போடுவாங்க."

"நீங்க டைலைத் தட்டிப் பார்க்கிறதுண்டா?"

"நான் எதுக்கு சார் தட்டறேன்? எனக்குப் பெட்டி எத்தனைங்கிறதுதான் கணக்கு. நூறு ஏத்தினா நல்ல நாள், அம்பது ஏத்தினா கெட்ட நாள்."

துப்பறிவாளர் கண்ணாடியைத் துடைத்தார். உள்ளே போனார்கள்.

கூடத்துக்கு மேஸ்திரி ஒரு அம்மா. ஐம்பது வயது, காதுக்குப் பின்னால் ஒரு மெழுகுக் கட்டி. துப்பறிவாளர் விஷயத்தைச் சொன்னதும் கையிலிருந்த டைலை அப்படியே வைத்துவிட்டு இடுப்பில் கைகொடுத்து நின்றார்.

"பதினேழா? யாரு போட்டது?"

"நீங்கதான். இங்க இருக்கிற எல்லாரும்."

"என்ன சார் பேசறீங்க. நாங்க ரொம்ப நல்ல மார்க்குதான் போட்டோம். அதைவிட நல்ல மார்க்கு கிடையவே கிடையாது." அவர் திரும்பிக் கூடத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "ஏம்ப்பா, புதுசுக்கு எவனாச்சும் கம்மியா போட்டீங்களா?"

பெல்ட்டின் இருபுறமும் தலைகள் இல்லையென்று ஆடின. தூசி பறந்தது.

மைத்துனன் அத்தானை ஓரமாக இழுத்தான். "அத்தான், கதை முடிஞ்சுது. இருபத்தேழு பேரும் நல்ல மார்க் போட்டாங்க, கவருக்குள்ள இருக்கிறது கெட்ட மார்க். மார்க் மேடம் கட்டை மாத்தலை, படிவத்தையே புதுசா எழுதி வெச்சிருக்காங்க. பென்சில் கட்டைப் பார்த்தீங்கல்ல? பாவம், நல்ல அம்மாவாத்தான் தெரிஞ்சாங்க."

"அந்த வாழ்த்தையும் அவங்களே உருண்டையா எழுதினாங்களா?"

"அது நான் எழுதினது," என்றார் மேஸ்திரியம்மா. அவர் காதுக்கு எதுவும் தப்பாது, வேலை அப்படி. "எழுத்து பெரிசா இருந்தது. சொல்லணும்னு தோணிச்சு."

"அப்ப மேல இருக்கிற மார்க்கும் நீங்க சுழிச்சதுதானா?" துப்பறிவாளர் அந்தப் படிவத்தை நீட்டினார்.

மேஸ்திரியம்மா வாங்கிப் பார்த்தார். "ஆமா. என் கையாலதான் போட்டேன். நல்லாத்தானே போட்டிருக்கேன்?"

மைத்துனனுக்குத் தலை சுற்றியது. துப்பறிவாளருக்குச் சுற்றவில்லை. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார்.

"அம்மா, ஒரு சின்ன உதவி. இவர் என் மச்சினன். ஆளைப் பார்த்து ஒண்ணுலேர்ந்து அஞ்சுக்குள்ள ஒரு மார்க் போடுங்க."

மேஸ்திரியம்மா மைத்துனனை உச்சியிலிருந்து பாதம் வரை பார்த்தார். தோளைப் பிடித்து வெளிச்சத்தின் பக்கம் திருப்பினார். விரல் முட்டியால் மார்பில் ஒரு தட்டு தட்டி, தலையைச் சாய்த்துக் கேட்டார். பிறகு காதிலிருந்து மெழுகுக் கட்டியை எடுத்துத் தாளில் பெரிதாக எழுதினார்: 5.

மைத்துனனின் முகம் மலர்ந்தது. "பார்த்துக்கோங்க அத்தான். நாலு வருஷமா உங்க வாயிலேர்ந்து வராத வார்த்தை. தொழில் தெரிஞ்சவங்க ஒரே தட்டுல கண்டுபிடிச்சுட்டாங்க. இதை அக்காகிட்ட காட்டணும்."

பெல்ட்டின் இரு பக்கமும் குனிந்த தலைகள் குலுங்க ஆரம்பித்தன. ஒருவர் டைலைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"தம்பி," என்றார் மேஸ்திரியம்மா, கொஞ்சம் இரக்கத்தோடு. "ஒண்ணுன்னா மாளிகைக்குப் போறது. ரெண்டு கடைக்கு. மூணு குளியலறைக்கு. நாலு, யார் கண்ணுலயும் படாத இடத்துக்கு."

"அஞ்சு?"

மேஸ்திரியம்மா கூடத்தின் கோடியைக் காட்டினார். நொறுக்கும் இயந்திரம் ஒரு வாய் டைலை மென்றுவிட்டு அடுத்ததற்குக் காத்திருந்தது.

மைத்துனன் தாளை நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

"ஒரு நாளைக்கு எத்தனை டைல் பின்னால நம்பர் போடுவீங்க?" என்றார் துப்பறிவாளர்.

"ஆளுக்கு ரெண்டாயிரம்."

"எத்தனை வருஷமா?"

"இருபத்து மூணு. வீட்டுல குழம்பு நல்லா இருந்தாலும் ஒண்ணுன்னுதான் சொல்லுவோம். என் மருமகன் மூணு. பரவாயில்லை, சமாளிக்கலாம்."

துப்பறிவாளர் வெளியே வந்து வெறும் படிவத்தை விரித்தார். "'உபயோகிக்க சுலபம்'னு இருக்கு. உண்மைதான்னு தோணினதும் இவங்க கை தானா ஒண்ணுக்குப் போகுது. 'குழப்புகிறது'ன்னா அது சுத்தப் பொய், அதனால அஞ்சு. பத்து வாக்கியமும் அப்படியே தலைகீழ். லாரிக்காரர் டைலுக்கு நம்பர் போடறவர் இல்லை, அவருக்கு நிறைய இருந்தாத்தான் நல்லது. அதனால அவர் ஒருத்தர்தான் நேரா சுழிச்சார்."

"மார்க் மேடம் ரெண்டு வாரம் இங்கயே உட்கார்ந்திருந்தாங்களே?"

"முதுகுக்குப் பின்னால. ஸ்கிரீன்ல பச்சையும் மஞ்சளும்தான் தெரியும். நம்பர் டைலுக்குப் பின்பக்கம்." அவர் பென்சிலை நீட்டினார். "இருபத்தேழு பேர் மார்க்கையும் நூறுலேர்ந்து கழி. லாரிக்காரரை அப்படியே விடு."

மைத்துனன் லாரி ஒன்றின் பக்கவாட்டில் தாளை வைத்துக் கணக்குப் போட்டான். இரண்டு தடவை போட்டான். புதுசுக்கு எண்பத்தாறு. பழசுக்குப் பதிமூன்று.

*

நாலு மணி மீட்டிங்குக்குத் தலைவர் கறுப்புக் கோட்டு அணிந்திருந்தார். மார்க் மேடம் எதிரே உட்கார்ந்திருந்தார், அட்டைப்பெட்டி மடியில். கடிதம் மேஜை நடுவில் இருந்தது.

"ஆதாரம் கிடைச்சுதா?"

"கிடைச்சுது." துப்பறிவாளர் வெறும் படிவத்தைத் தலைவர் முன்னால் வைத்தார். "இதுல ஒண்ணுன்னா என்ன, அஞ்சுன்னா என்னன்னு எங்க போட்டிருக்கு? கொஞ்சம் காட்டுங்களேன்."

"இது நானே வடிவமைச்ச படிவம்," என்றார் தலைவர் புன்னகையோடு. "முன்னே ஒவ்வொரு எண்ணுக்குக் கீழேயும் 'கொஞ்சமும் ஒப்பவில்லை', 'முழுக்க ஒப்புகிறேன்'னு இந்தம்மா எழுதி வெச்சிருந்தாங்க. கண்ணுக்கு ஒரே இரைச்சல். நான் எடுத்துட்டேன். ஆட்களுக்கு வாயால விளக்கக் கூடாதுன்னும் சொல்லிட்டேன். நல்ல படிவம் தானாப் பேசணும்."

"பேசட்டும். எங்க போட்டிருக்கு?"

தலைவர் மேல்பக்கம் பார்த்தார். கீழே பார்த்தார். திருப்பிப் பார்த்தார். மறுபடி திருப்பினார். விளக்கைப் போட்டார். பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, தாளை மூக்குவரை கொண்டுபோய், இடது ஓரத்தில் வெளிறிய சாம்பல் நிறத்தில் செங்குத்தாக ஓடிய 'ஒன்று: ஒப்பவில்லை, ஐந்து: ஒப்புகிறேன்' என்ற ஒரு வரியைக் கண்டுபிடித்தார். "இதோ. தெளிவா இருக்கே."

கிளிக் என்று ஒரு சத்தம் கேட்டது. "ஐம்பத்திரண்டு செகண்ட்," என்றார் மார்க் மேடம், ஸ்டாப்வாட்ச்சைப் பார்த்தபடி. "வடிவமைச்சவருக்கே."

துப்பறிவாளர் டைல் கூடத்தில் கண்டதைச் சுருக்கமாகச் சொன்னார். மைத்துனன் தன் ஐந்தைப் பற்றி அவர் சொல்லாமல் விட்டதை நன்றியோடு கவனித்தான். தலைவரின் முகம் முதலில் வெளுத்தது, எண்பத்தாறு என்று கேட்டதும் சிவந்தது, பிறகு விரிந்தது.

"எண்பத்தாறு. நான் எதிர்பார்த்ததுக்கு ரெண்டு கூட. நான் அப்பவே சொன்னேன், மக்கள் தப்பு பண்ணமாட்டாங்கன்னு."

"யார்கிட்ட சார் சொன்னீங்க?" என்றான் மைத்துனன்.

"முதல்ல அந்தக் கடிதம்," என்றார் துப்பறிவாளர்.

தலைவர் தாராள மனதோடு கடிதத்தைக் கிழித்தார். துப்பறிவாளர் சொல்லச் சொல்ல, மார்க் மேடத்தின் மீது எந்தத் தவறும் இல்லை என்றும், தவறு படிவத்தினுடையது என்றும், படிவம் தன்னுடையது என்றும் எழுதிக் கையெழுத்திட்டார். மூன்றாவது வரியில் மட்டும் பேனா கொஞ்சம் தயங்கியது. மார்க் மேடம் அதை வாங்கி, இரண்டு தடவை படித்து, அட்டைப்பெட்டியில் தேநீர்க் கோப்பைக்குள் சுருட்டி வைத்தார். அதன் பிறகுதான் பெட்டியை மடியிலிருந்து கீழே இறக்கினார்.

அப்போது தொலைபேசி அடித்தது. டைல் தொழிற்சாலையின் முதலாளி. தலைவர் எல்லோரும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியை அழுத்தினார்.

"உங்க அறிக்கை நேத்து வந்தது," என்றது முதலாளியின் குரல். "பழசுல நூத்துக்கு எண்பத்து நாலு, உங்களுதுல பதினேழுதான். இவ்வளவு குறைச்சலா நான் பார்த்ததே இல்லை. காலையிலேயே கையெழுத்துப் போட்டுட்டேன். ஒன்பது கூடத்துக்கும் உங்க மென்பொருள்தான்."

இணைப்பு துண்டிக்கப்பட்டது.

"அவர் மேஜைக்கு வர்ற தாள்ல நூத்துக்கு இத்தனைன்னு இருந்தா அது ஒண்ணே ஒண்ணுதான்," என்றார் துப்பறிவாளர். "உடைசல். நூறு டைல்ல எத்தனை உடைஞ்சதுங்கிற கணக்கு."

நகல் இயந்திரம் அடுத்த அறையில் ஒரு தாளைத் துப்பியது. தலைவர் கோட்டுப் பொத்தானைக் கழற்றினார். நாற்காலியை மார்க் மேடத்தின் பக்கம் நகர்த்தினார்.

"மேடம், பதினேழே இருந்துட்டுப் போகட்டுமே."

"காலையில அது பொய்னு என்னை வெளியே அனுப்ப இருந்தீங்க சார்."

"காலையில பொய். இப்ப அது ஆர்டர்."

"என் கையெழுத்து இருக்கு சார் அதுல."

"யாருக்கும் நஷ்டமில்லையே. அவங்களுக்கும் புதுசுதான் புடிச்சிருக்கு. உண்மை எந்த எண்ணுல இருந்தா என்ன?"

மார்க் மேடம் மைத்துனனின் கணக்குத் தாளை வாங்கி ஒருமுறை சரிபார்த்தார். தன் அறைக்குப் போய்த் திருத்திய அறிக்கையைத் தட்டினார். முதல் பக்கத்தின் உச்சியில், கொட்டை எழுத்தில், கறுப்பு நிறத்தில், 'மார்க் கூடினால் நல்லது' என்று போட்டார். புதுசு எண்பத்தாறு, பழசு பதிமூன்று என்று கீழே எழுதினார். பட்டனை அழுத்தித் தொழிற்சாலைக்கு அனுப்பினார். அனுப்பியதும் பென்சில் கட்டை இழுப்பறைக்குள் திருப்பி வைத்தார்.

ஐந்து இருபதுக்குத் தொழிற்சாலையிலிருந்து ஒற்றை வரியில் பதில் வந்தது: புதுசில் உடைசல் எண்பத்தாறு என்பதால் ஆர்டர் ரத்து, பழசே தொடரும்.